கோடியக்கரைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோடியக்கரை சரணாலயத்துக்கு மானும் பறவையும் பார்க்கப் போய் ஏமாந்து திரும்பியவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் ஊரின் மேல் குறை இருக்காது. மாதம் தப்பியிருக்கும், அல்லது வேளை தப்பியிருக்கும். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

கோடியக்கரை எங்க இருக்கு? வேதாரண்யமும் அதுவும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. வேதாரண்யம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள தாலுகா தலைநகரம். அங்கிருந்து தெற்கே சுமார் 11 கி.மீ. போனால் சாலை முடியும் இடத்தில் கோடியக்கரை. இடையில் அகஸ்தியம்பள்ளியும் கோடியக்காடும் வரும். கோடியக்காடு தனி ஊர். பெயர்ப்பலகையில் ‘கோடி’யைப் பார்த்ததும் அங்கேயே இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. பஸ்ஸில் போனால் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருங்கள்.

வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை இந்த முனையில் ஏறத்தாழ செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அதனால் ஊருக்குக் கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்தத் திருப்பம்தான் அடிப்படை.

பஸ்ஸிலேயே போய் வந்துடலாமா, சொந்த வண்டி வேணுமா?

வேதாரண்யம் வரை பஸ் தாராளம். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. ரயிலில் வருபவர்கள் திருவாரூர்–காரைக்குடி பாதையில் திருத்துறைப்பூண்டியில் இறங்குவது வழக்கம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான அகலப்பாதையும் 2023-இல் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதில் ஓடும் வண்டிகள் குறைவு. அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

கடைசி 11 கி.மீ.தான் சிக்கல். டவுன் பஸ் உண்டு, ஆனால் விலங்கு பார்க்கத் தோதான விடியற்காலைக்கு அது ஒத்துவராது. வேதாரண்யத்தில் முந்தின இரவே ஒரு ஆட்டோ பேசிவைத்துக்கொள்வது நல்லது. பேசும்போது ‘போக, வர, நடுவில் காத்திருக்க’ என்று மூன்றையும் சொல்லிப் பேசுங்கள். காத்திருக்கும் நேரத்தைச் சொல்லாமல் விட்டால் திரும்பும்போது தகராறு வரும். சொந்த வண்டியில் வருபவர்கள் வேதாரண்யத்திலேயே பெட்ரோல் போட்டு, ஏடிஎம்மில் பணமும் எடுத்துவிட வேண்டும்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை எண்ணிக்கை அதிகம். ஆனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலமும்தான். ஆகவே மழை ஓய்ந்து, பறவை இன்னும் கிளம்பாத ஜனவரியும் பிப்ரவரி முற்பாதியும்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் சிறந்தவை.

வெளிமான் வருஷம் முழுக்க இங்கேயே இருக்கும். மான் மட்டும் போதும் என்றால் மார்ச், ஜூலை, ஆகஸ்டிலும் வரலாம். உப்பளத்தில் வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் பிப்ரவரிக்குப் பின் வாருங்கள். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். மே மாதத்தைத் தவிர்ப்பதே நல்லது. பள்ளி விடுமுறை என்று அப்போதுதான் குடும்பங்கள் வருகின்றன, வெறும் வெயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.

காலையில கிளம்பி வந்துட்டு சாயங்காலம் திரும்பிடலாமா?

திருச்சியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காலை கிளம்பினால் வந்து சேரும்போது பத்து, பதினொன்று ஆகிவிடும். மான்கள் புதர் நிழலுக்குள் போயிருக்கும், சதுப்பில் கானல் ஆடும். மதியம் 11 முதல் 3 வரை கோடியக்கரையில் பார்க்க எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்தான் முடியும் என்றால் வரிசையை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டை வேதாரண்யத்தில் முடித்து, மூன்றரைக்குச் சரணாலயம், ஐந்தரைக்குக் கரை. அதைவிட, மாலை வந்து இரவு தங்கி மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் பயணம் நூறு மடங்கு மேல். அதே செலவுக்கு இரண்டு நல்ல வேளைகள் கிடைக்கும்.

தங்க, சாப்பிட அங்கேயே வசதி இருக்கா?

கோடியக்கரையில் வனத்துறையின் ‘பூநாரை இல்லம்’ விடுதி உண்டு. அறைகள் சில மட்டுமே. நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு வர வேண்டும். நேரில் வந்து கேட்டால் கிடைக்கும் என்று எண்ணி வராதீர்கள். கிடைக்காதவர்கள் வேதாரண்யம் லாட்ஜில் தங்குவார்கள்.

ஊரில் டீக்கடையும் சிறு சாப்பாட்டுக்கடையும் உண்டு. ஐந்து பேருக்கு மேல் வந்தால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும், சொல்லாவிட்டால் மதியம் சோறு இருக்காது. குடிநீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் கையில் கொண்டுவாருங்கள்.

சரணாலயத்துக்குள்ள நம்ம கார்லயே சுத்தலாமா?

வேதாரண்யத்திலிருந்து ஊருக்கு வரும் தார்ச்சாலை பொதுச்சாலை. அதில் யாரும் போகலாம். அதை விட்டு இறங்கிக் காட்டுப் பாதையில் போக வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் பாதையில்தான் போக வேண்டும். வழிகாட்டி கிடைத்தால் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். அன்று மந்தை எந்தத் திடலில் மேய்கிறது, எந்தத் தடம் சேறாகிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் தாழ்வான கார்களை உள்ளே கொண்டுபோகாதீர்கள். மேலே மணலாகத் தெரியும், அடியில் களி. சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி அச்சு வரை இறங்கிவிடும். மிதிப்பதை நிறுத்தி, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்தின் முன்னும் பின்னும் காய்ந்த குச்சியும் தரைவிரிப்பும் போட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும்.

வெளிமான் கண்டிப்பா தெரியுமா? புள்ளிமானைக் காட்டி ஏமாத்திடறாங்கன்னு சொல்றாங்களே?

1967-இல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே வெளிமானுக்காகத்தான். விடியற்காலை, மாலை என்ற இரண்டு வேளைகளில் புல்வெளிக்குப் போனால் பார்க்காமல் திரும்புவது அரிது. நல்ல மழைக்குப் பின் தாழ்ந்த திடல்களில் தண்ணீர் நிற்கும், அப்போது மந்தை மேட்டுக்கு நகர்ந்திருக்கும்.

புள்ளிமானும் இங்கே உண்டு, குழப்பம் அதனால்தான். கொம்பைப் பாருங்கள். புள்ளிமான் கலைக்கு, அதாவது ஆணுக்கு, கிளைவிட்ட கொம்பு, அது விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமான் கலைக்குக் கிளையே இல்லாமல் திருகிக்கொண்டு மேலே போகும் இரட்டைக் கொம்பு, ஆயுளுக்கும் அதேதான். முதிர்ந்த கலையின் முதுகு கரும்பழுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை. பெண்ணுக்குக் கொம்பு கிடையாது, உடல் வெளிர்பழுப்பு. வெருண்டால் நான்கு காலும் தரையை விட்டு எழும்பித் துள்ளும். அதை வரவழைக்க ஹாரன் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். குட்டியோடு இருக்கும் மந்தை சிதறினால் குட்டி நரி வாயில் போகும், அதை நினைத்தாவது கையைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பூநாரை பார்க்கணும்னே டிசம்பர்ல போனோம். ஒண்ணுகூட இல்ல. ஏன்?

மாதம் சரி, தண்ணீர் மட்டம் சரியில்லாமல் இருந்திருக்கும். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை உறிஞ்சித் தள்ளி, அதிலுள்ள சின்னஞ்சிறு உயிர்களையும் பாசியையும் வடிகட்டித் தின்னும் பறவை. அதற்கு ஆழமில்லாத உப்புநீர் வேண்டும். ஏறத்தாழ முழங்கால் மட்டம், அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. பெருமழை பெய்து சதுப்பு நிரம்பிவிட்டால் ஆழமும் கூடும், உப்பும் கரையும், கூட்டம் வேறு பக்கம் போய்விடும். மழை பொய்த்துச் சதுப்பு வறண்டாலும் அதே கதை.

இன்னொன்று, சதுப்பு மிகப் பெரியது. 2002-இல் ராம்சர் பட்டியலில் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த பகுதி தலைஞாயிறு காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர். ஊருக்குப் பக்கத்தில் இல்லாத கூட்டம் பத்து கி.மீ. மேற்கே மேய்ந்துகொண்டிருக்கலாம். கிளம்புவதற்கு முதல் நாள் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து ‘சதுப்பில் தண்ணீர் எப்படி, பறவை எந்தப் பக்கம்’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த ஒரு போன் பலருடைய பயணத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

பூநாரை இல்லாத நாளிலும் உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, கூழைக்கடா, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து எனப் பார்க்க நிறைய உண்டு. உள்ளான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கஷ்டம். பழகியவர்களே திணறுவார்கள்.

செல்போன் கேமரா போதுமா?

கடலுக்கும் ஊருக்கும் போதும். பறவை உங்களிடமிருந்து இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும், செல்போனில் அது வெள்ளைக் கோடாகத்தான் விழும். கேமரா வாங்குவதைவிட 8×42 இருகண்நோக்கி (பைனாகுலர்) ஒன்று இரவல் வாங்கிவருவது மேல். படம் எடுப்பவர்களுக்கு 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். உப்புக்காற்று லென்ஸில் படலமாகப் படியும். அதை உலர்துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதித் தட்டிவிட்டு ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். டிரோன் கொண்டுவராதீர்கள். சரணாலயம், பாதுகாப்புப் பகுதி என்ற இரண்டு காரணத்துக்காகவும் அது பிடுங்கப்படும்.

பறவை கால்ல வளையம் மாட்டியிருந்துச்சு. யாராவது வளர்க்கிறாங்களா?

இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக இங்கே பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, எண் பொறித்த வளையமோ நிறக்கொடியோ மாட்டித் திரும்ப விடுகிறார்கள். வளையம் தெரிந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்பதைத் தேதியோடு குறித்து அவர்களிடம் சொல்லலாம்.

கடல்ல குளிக்கலாமா?

இது மணல்வெளியும் சிப்ஸ் கடையும் உள்ள சுற்றுலாக் கடற்கரை இல்லை. படகு நிற்கும் கரையில் வலைத்துண்டு, உடைந்த சிப்பி, மீன்முள் கிடக்கும். செருப்பைக் கழற்றாதீர்கள். அலை சிறியதாகத் தெரிந்தாலும் முனையில் இரண்டு கடலும் சந்திப்பதால் நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்கும். காப்பாற்ற ஆள் யாரும் நிற்பதில்லை. முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம்.

வடகிழக்குக் காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை கொந்தளிக்கும், தெற்குக் கரை அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றடிக்கும்போது நேர்மாறு. சொறி மீன் (ஜெல்லி மீன்) ஒதுங்கிக் கிடந்தால் அன்று தண்ணீரில் இறங்கவே கூடாது. கரையில் செத்துக்கிடப்பதைத் தொட்டாலும் அரிக்கும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதைக் குச்சியால் எடுங்கள்.

இங்கேயிருந்து பார்த்தா இலங்கை தெரியுமாமே?

தெரியாது. யாழ்ப்பாணக் கரை 50 கி.மீ.-க்கு மேல் தள்ளி இருக்கிறது. கரையில் நிற்கும் ஒருவருக்குக் கடலின் அடிவானமே ஐந்து கி.மீ. தொலைவில்தான். அதற்கப்பால் பூமி வளைந்துவிடுகிறது. இரவில் தெரியும் வெளிச்சங்கள் மீன்பிடிப் படகுகளுடையவை.

உதயம், அஸ்தமனம் ரெண்டும் கடல்லயே பார்க்க முடியுமா?

மார்கழி, தை மாதங்களில் முடியும். அப்போது சூரியன் தென்கிழக்கே உதித்துத் தென்மேற்கே மறைகிறது. முதல் பதிலில் சொன்னபடி கரை இங்கே மேற்கே திரும்புவதால், தெற்குப் பார்த்த கரையில் நின்றால் இரண்டும் கடலுக்கு மேலேயே நடக்கும். ஆனி, ஆடியில் சூரியன் வடமேற்கே போய்விடும், அஸ்தமனம் காட்டுக்குப் பின்னால்தான். அஸ்தமனம் பார்க்கிறேன் என்று காட்டுப் பாதையில் தங்கிவிடாதீர்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்தாக வேண்டும்.

மீனவர்கள்கிட்ட காசு கொடுத்தா படகுல கூட்டிட்டுப் போவாங்களா?

கேட்காதீர்கள். சர்வதேச எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கும் கடல் இது. கடலோரக் காவல், கடற்படை ரோந்து எப்போதும் உண்டு. வெளியூர் ஆளை ஏற்றியது தெரிந்தால் சிக்கல் படகுக்காரருக்குத்தான் வரும், பிழைப்பே போகும். உங்களிடமும் அடையாள அட்டை இருக்கட்டும், கரையில் நடக்கும்போது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். கோபுரம், ரேடார், முகாம் எதையும் படம் எடுக்க வேண்டாம். படகுச் சவாரி ஆசைக்குக் கடைசிப் பதிலைப் பாருங்கள்.

கரையில மீன் வாங்கிட்டு வரலாமா?

அக்டோபர் முதல் மார்ச் வரை மீன்பிடி சீசன். வெளியூர் மீனவக் குடும்பங்கள் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அப்போது ஊரே வேறாக இருக்கும். காலா, சீலா, வாவல், நீலக்கால் நண்டு எல்லாம் வரும். படகு அணைந்ததும் ஏலம், அது மொத்த வியாபாரிகளுக்கு. ஏலம் நடக்கும்போது நடுவில் புகுந்து ‘ஒரு கிலோ என்ன விலை’ என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏலம் முடிந்தபின் கூறு போட்டு விற்கும் அக்காமாரிடம் கேளுங்கள். மூடியுள்ள தெர்மோகோல் பெட்டியை ஊரிலிருந்தே கொண்டுவந்து ஐஸை இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ், உருகிய நீர் வடிய அடியில் ஒரு துளை.

காயப்போட்டிருக்கும் வலையை மிதிக்காதீர்கள். ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து பின்ன வேண்டியது அவர்கள்தான்.

‘பொன்னியின் செல்வன்’ கதையில வர்ற மாதிரி புதைகுழி நிஜமாவே இருக்கா?

ஆளை முழுதாக விழுங்கும் குழி இல்லை. சதுப்பில் புதைசேறு உண்டு. தண்ணீர் வற்றிய சேற்றுவெளியின் மேல்தோல் அப்பளம்போல் காய்ந்து வெடித்திருக்கும், அடியில் பளபளவென்று கருஞ்சேறு. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும், தொடை வரையும் போகலாம். பூநாரையை நெருங்கிப் படமெடுக்க நடந்து போனவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். தரை ஈரநிறமாக மாறினாலோ, காலடியில் தண்ணீர் ஊறினாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள். காற்று திசை மாறினால் சேற்றுவெளியில் தண்ணீர் ஏறவும் செய்யும்.

மாட்டிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒரு காலை இழுக்க மறுகால் இன்னும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து அல்லது படுத்து எடையைப் பரப்புங்கள். காலை மெதுவாக அசைத்தால் சேற்றுக்குள் தண்ணீர் புகும், பிடி தளரும். அப்புறம் ஒவ்வொரு காலாக எடுத்து, வந்த வழியிலேயே தவழ்ந்து வாருங்கள். கூட வந்தவர் கை கொடுக்க உள்ளே இறங்கக்கூடாது. துண்டு, பெல்ட், குச்சி எதையாவது நீட்ட வேண்டும். போன செருப்பு போனதுதான்.

சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஏறலாமா?

ஏற அங்கே எதுவும் மிச்சமில்லை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கட்டுமானம் 2004 டிசம்பர் சுனாமியில் அழிந்தது, மிஞ்சியது இடிபாடு. தூரத்திலிருந்து தெரியும் உயரமான விளக்கம் இக்காலத்தது. இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் படம் போடுகிறவர்கள் அதிகம்.

வர்ற வழியில வேற என்ன பார்க்கலாம்?

அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய தொண்டர்கள் நடந்தே வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி இங்கே உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார்கள். சுற்றி இன்றும் உப்பளம்தான், தூணும் பாத்தியும் ஒரே பார்வையில் தெரியும். பாத்தி வரப்பில் நடக்குமுன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து குழகர் கோயில் என்ற சிவன் கோயில். சுந்தரர் சேரமான் பெருமாளோடு வந்து, இப்படி ஆளரவமற்ற கரையில் துணையின்றித் தனியே இருக்கிறாயே என்று இறைவனைக் கேட்டுப் பாடிய தலம். ஊர் அன்றைக்கே ஒதுக்குப்புறம்தான். காட்டுக்குள் இருக்கும் ராமர் பாதம் ஒரு மணல்மேடு. நாலு மீட்டர்தான், ஆனால் சுற்றுவட்டாரத்தில் அதுவே உயரம். மேலிருந்து காட்டின் பரப்பைப் பார்க்கலாம். பெரியவர்களோடு வருபவர்கள் இந்த மூன்றையும், சாலையோரம் வண்டியில் இருந்தபடியே மானையும் பார்த்துத் திரும்பினாலே போதும், சதுப்பு நடை அவர்களுக்கு வேண்டாம்.

குதிரை, குரங்கு எல்லாம் கிட்ட வந்தா என்ன செய்யறது?

இங்குள்ள மட்டக்குதிரைகள் எப்போதோ வளர்ப்பிலிருந்து விடுபட்டுக் காட்டோடு போனவற்றின் வழிவந்தவை. சாதுவாகத் தெரியும், பின்பக்கம் போனால் உதைக்கும். குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே போதும். தின்பண்டத்தை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இரண்டுக்கும் எதையும் போடாதீர்கள்.

அமாவாசை அன்னிக்கு லீவா இருக்கு, வரலாமா?

புனித நீராட வருவதானால் தாராளமாக வாருங்கள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் ஆதிசேது எனப்படும் இந்தக் கடலில் நீராடித் தர்ப்பணம் கொடுக்கப் பெருங்கூட்டம் கூடும், பஸ்ஸும் அதிகம் விடுவார்கள். மான், பறவை பார்க்க வருபவர்கள் அன்று மட்டும் வேண்டாம். ஒற்றைச் சாலை, விடியற்காலையிலேயே வண்டி நின்றுவிடும்.

மழை எச்சரிக்கை இருக்கு, ஆனா ரூம் புக் பண்ணிட்டோம். போகலாமா?

சாதாரண மழை என்றால் வரலாம், சரணாலயத்துக்குள் வண்டி போகாது என்ற கணக்கோடு. புயல் சின்னம் என்றால் பயணத்தை விட்டுவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் திரும்பப் பல நாள் ஆயிற்று. ஊருக்கு வர ஒரே சாலை, இருபுறமும் காடு, மூன்று பக்கம் தண்ணீர். அந்த நேரத்தில் வந்து நிற்கும் வெளியூர்க்காரர் ஊராருக்குக் கூடுதல் சுமை.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் இதே பயணத்துல முடிச்சிடலாமா?

இரண்டு நாள் இருந்தால் முடியும். படகில் போக வேண்டும் என்ற ஆசையும் அங்கேதான் தீரும். சதுப்பு ஒன்றுதான், ஆனால் குறுக்கே பாதை இல்லை. வேதாரண்யம் திரும்பி மேற்கே சுற்றித்தான் போக வேண்டும். முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்புவானோடையில் வனத்துறை அனுமதியோடு படகு ஏறினால், கோரையாறு வழியாகக் காயலுக்குப் போய்வர அரை நாள் ஆகும்.

முதல் நாள் மாலையும் இரண்டாம் நாள் காலையும் கோடியக்கரை, ஒன்பதரைக்குக் கிளம்பி முத்துப்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். படகை முந்தின நாளே பேசி, எத்தனை மணிக்கு என்று உறுதி செய்துவிடுங்கள். தண்ணீர் குறைந்த வேளையில் காயலின் ஓரங்களில் படகு தரைதட்டும் என்பதால் நேரத்தை அவர்கள் சொல்வதுதான் சரி. படகில் சாப்பாடு கிடைக்காது, கட்டி எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.